மேசைக்கு மூணு பாதி

பாத்துங்க தம்பி, அந்த வேகத்தடையில சித்த மெதுவா ஏத்தி எறக்குங்க. பின்னால கட்டியிருக்கறதுக்கு ரெண்டே காலுங்க. கயிறு நழுவுச்சுன்னா சாஞ்சுரும்.

ஆமாங்க, மேசைதான். பாதி மேசை. ஏத்தறப்பவே நீங்க ஒரு மாதிரி பாத்தீங்க, நான் கவனிச்சேன். இந்தாளு ஒடஞ்ச மேசைக்கு வண்டி புடிச்சு கோபியில இருந்து அந்தியூருக்குக் கொண்டு போறானேன்னு நெனச்சிருப்பீங்க. ஒடையலைங்க. அறுத்தது. நட்டநடுவுல ரம்பம் வெச்சு அறுத்தது.

எதுக்குன்னு கேக்கறீங்களா? கேட்டா நீங்களே காறித் துப்புவீங்க. துப்புனாலும் சரிதான். யாருகிட்டயாவது சொல்லோணும்னு நெஞ்சு அடைச்சுட்டுக் கெடக்குது. ஊருக்குள்ள சொல்ல முடியாது. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குள்ள சொல்லவே முடியாது. நீங்க யாரோ, நான் யாரோ. எறக்கி உட்டுட்டுப் போயிருவீங்க. அதனால சொல்றேன்.

எங்கப்பா கெணறு வெட்டறப்ப ஒரு பெரிய வாகை மரத்தைச் சாய்க்க வேண்டியதாப் போச்சு. அதுல செஞ்ச மேசைங்க. நாலஞ்சு ஆளு புடிச்சாத்தான் நவுரும். எங்கூட்டு ஆசாரத்துல, அதாங்க நடு ஹால்ல, அதுதான் கெடக்கும். காய் அரியறதும் அதுமேலதான், அப்பா ஊரு நாயம் பேசறதும் அதுமேலதான். எங்கண்ணன் நாச்சிமுத்து அந்தப் பக்கம் ஒக்காந்து படிப்பாரு, நான் இந்தப் பக்கம். நான் காலை நீட்டி அவரை எத்துவேன், அவரு கம்முனு இருப்பாரு. எப்பவுமே அவரு கம்முனுதான் இருப்பாரு. அதுதான் அவருகிட்ட பிரச்சனையே.

அப்பா போன பொறகு பாகம் பிரிச்சோம். காடு பிரிச்சோம், கெணத்துத் தண்ணிக்கு மொறை வெச்சோம், மாடு கண்ணு, அண்டா குண்டா எல்லாம் ஆச்சு. ஒரு சத்தம் இல்லைங்க. வந்திருந்த பெரியவங்களே மெச்சுனாங்க. கடைசியா மேசை நின்னுச்சு. மூத்தவன், எனக்கு வேணும்னாரு அண்ணன். அப்பாவைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்தது நானு, எனக்குத்தான் வேணும்னேன் நானு. அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கறீங்க? "வெச்சுப் பாத்தது உன்ற பொண்டாட்டிடா சென்னி"ன்னாரு. நாலு பேரு முன்னால! அது ஒரு வார்த்தைங்களா? எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "அப்ப அறுங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொன்னதுங்க. வேண்டாம்டான்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உட்டிருப்பேன். சொல்லலையே. கம்முனு நின்னாரு. சரி, ஆகட்டும்னு ஆளை அனுப்பி ஆசாரியைக் கூட்டியாரச் சொன்னேன். அந்த ஆசாரி பாவம், வேண்டாமுங்க சாமி, நான் இன்னொரு மேசை செஞ்சு குடுக்கறேன்னு கெஞ்சுனாரு. பெரியவங்க ஒருத்தராவது தடுத்தாங்களா? டீயைக் குடிச்சுட்டு வேடிக்கை பாத்தாங்க. வாகை மரத்தூளு மூக்குல ஏறுனா நிக்காம தும்மலு வரும், தெரியுமுங்களா? ஆசாரம் பூரா அத்தனை பேரும் தும்மறாங்க. சாவு ஊட்டுல அழுவற மாதிரி எல்லாரு கண்ணுலயும் தண்ணி.

ரெண்டு காலு மேசை எப்புடி நிக்குங்க? சுவத்துல ஆங்கிள் அடிச்சு அதுமேல ஏத்தி வெச்சேன். அண்ணனும் அந்தியூர்ல தோட்டம் வாங்கி ஊடு கட்டிப் போயி அப்புடியேதான் வெச்சிருக்கறாருன்னு கேள்விப்பட்டேன். நான் போயிப் பாத்ததில்ல. சண்டைன்னு ஒண்ணும் இல்லைங்க. எழவுல, கண்ணாலத்துல பாத்தா தலையை ஆட்டிக்குவோம். அவ்வளவுதான்.

இப்புடியே காலம் போச்சு. போயிருக்கும். எம்பொண்ணு கோகிலாவுக்குப் பெருந்துறைப் பக்கம் ஒரு எடம் வந்துச்சு. தங்கமான எடம். பையன் மொகத்துல சிரிப்பு இருக்குது, ஒரு கெட்ட பழக்கம் இல்ல. எம்பொண்ணுக்கும் புடிச்சுப் போச்சு. பையனோட அப்பாரு, தாத்தாதான், அவருதான் அந்த ஊட்டுல எல்லாம். பழைய கட்டைங்க. பொண்ணைக்கூட அப்பறந்தான் பாத்தாரு. வந்து ஒக்காந்ததும் மொதக் கேள்வி, "பங்காளிக எல்லாம் பேச்சுவார்த்தையில இருக்கறீங்களா?"

நம்ம பக்கம் உங்களுக்குத் தெரியாததுங்களா? அண்ணந்தம்பிக்குள்ள பேச்சில்லாத ஊட்டுல பொண்ணு எடுக்க யோசிப்பாங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பாங்கன்னு பாப்பாங்க. "இருக்கறோமுங்க"ன்னேன். அது பொய்யில்லைங்க. தலையாட்டறதும் பேச்சுதானே?

அந்த நேரம் பாத்து அவரு கண்ணு சுவத்துப் பக்கம் போச்சு. "இதென்னுங்க, மேசை பாதியில நிக்குது?"ன்னாரு.

 கோகிலா காபித் தட்டோட கதவோரம் நிக்குது. அறுத்துக்கிட்டோமுங்கன்னு சொல்ல முடியுங்களா? வாயில எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. "இன்னொரு பாதி அண்ணன்கிட்ட இருக்குதுங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்தப் போறோம். அண்ணன் தர்றேன்னு சொல்லிட்டாரு. உப்புச்சக்கரை மாத்தற அன்னைக்கு அதுமேலதானுங்க தட்டு வெக்கப் போறோம்"னு அடிச்சு உட்டேன். நிச்சயத்துக்கு உப்பும் சக்கரையும் மாத்திக்கற நாளு, ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் கூடற நாளு, அன்னைக்குத்தான் வெக்கோணும்னு எனக்கு எப்புடித் தோணுச்சோ! கெழவரு மொகம் அப்புடியே மலந்துருச்சு. "அதுதானுங்க குடும்பம்"னாரு. அந்த ஒரு வார்த்தையில சம்மந்தம் முடிஞ்சுது.

அவிய வண்டி தெரு திரும்பறதுக்குள்ள என்ற சம்சாரம் வசந்தாமணி இடுப்புல கைய வெச்சுட்டு வந்து நின்னுட்டா. "இப்ப உங்கண்ணன்கிட்ட யாரு போயிக் கேக்கறது?"

"நீயே ஒரு எட்டுப் போயேன். நீ சொன்னா அண்ணன் கேப்பாரு"ன்னேன்.

"உப்புச்சக்கரைக்குக் கூப்புட நானும் கோகிலாவும் போறோம். மேசையக் கேக்கறது உங்க சோலி"ன்னுட்டா.

போயிட்டு வந்தாங்க. "எம்பொண்ணு விசேசம், நான் வராம இருப்பனா?"ன்னு அண்ணன் சொன்னாராம். எங்கண்ணி சம்பூர்ணம் ரெண்டு பேருக்கும் மல்லிப்பூ வெச்சு உட்டிருந்தாங்க. நான் வரலையான்னு யாரும் கேக்கலையாம். கேட்டிருந்தா நான் போயிருப்பேன்.

நானும் போனனுங்க ஒரு நாளு. போகாம இல்ல. இதே ரோடுதான். சந்தைக்குப் போற மாதிரி போயி, அவரு தோட்டத்து வாசல் வரைக்கும் வண்டியத் தள்ளிட்டே போனேன். உள்ள அண்ணன் யாருகிட்டயோ பேசிட்டு இருக்கறது கேக்குது. அப்புடியே திரும்பிட்டேன். தர மாட்டேன்னு சொல்லிட்டாருன்னா மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கறது? சிரிச்சுட்டே எடுத்துக்கடான்னு சொல்லிட்டாருன்னா, அது இன்னும் மோசமில்லீங்களா? அந்த ஆளு முன்னால அப்பறம் ஆயுசுக்கும் நான் தலை குனிஞ்சு நிக்கோணும்.

அப்பத்தான் ஈரோட்டுல அருள்குமாருன்னு ஒருத்தன் இருக்கறதா எம்மச்சினன் சொன்னான். பழைய மரச்சாமானையெல்லாம் கலர் ரெசின் ஊத்தி புதுசாக்கறவன். அவன் போன்ல காட்டுனான் பாருங்க, ஒவ்வொரு மேசையும் அப்புடி இருக்குது! ரெண்டு பலகை, நடுவுல நீலமா ஆறு ஓடறாப்புல. கண்ணாடி கெட்டுச்சு. என்ற பாதியப் பாத்தான், தட்டிப் பாத்தான். "அருமையான மரமுங்க. மத்த பாதி எங்கீங்க?"ன்னான்.

"அது வராது"ன்னேன்.

என்ற மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டான். "அதனாலென்னுங்க? நடுவுல ஆறு ஓடுச்சுன்னா அந்தக் கரை மரமும் இந்தக் கரை மரமும் ஒண்ணான்னு எவனும் கேக்க மாட்டான்"னான்.

அட, எனக்கு அப்ப அவன் தெய்வமாட்டத் தெரிஞ்சான். என்ன சொல்றீங்க? இல்லைங்க, அவன் மேல தப்பு சொல்லலை. நான் சொன்னதைத்தானே செஞ்சான்.

எங்கூட்டுக் கொட்டாயிலேயே வேலை நடந்துச்சு. மொதல்ல என்ற பாதியச் சுவத்துல இருந்து களட்டி, பழைய வார்னிஷைச் சொரண்டி, தேச்சு எடுத்தான். உள்ள இருந்து வாகையோட அந்தக் காப்பி நெறம் வருது, எனக்கே அது இத்தனை அழகுன்னு தெரியாது. வண்டு தொளைச்ச ஓட்டையெல்லாம் கருப்பு ரெசின் ஊத்தி அடைச்சான். ஆடிட்டு இருந்த காலை இறுக்குனான். அப்பறம் அறுத்த பக்கத்தைக் கரை மாதிரி தெரியோணும்னு வளைச்சு வளைச்சு வெட்டுனான். அதை மட்டும் நான் சித்த யோசிச்சிருக்கோணும். யோசிக்கலை.

அண்ணன் பாதிக்குப் பதிலா எங்கியோ இடிச்ச ஊட்டுப் பழைய கதவுப் பலகை ரெண்டு வாங்கியாந்தான். வேற மரம், வெளுப்பு. டீ டிக்காசனைப் பூசி, அதுமேல துருப்புடிச்ச ஆணி ஊறுன தண்ணியப் பூசுனான். பாக்கப் பாக்கக் கருத்துப் போச்சுங்க. நானே ஏமாந்துட்டேன்.

ரெண்டையும் எடவெளி உட்டு வெச்சு, சுத்தியும் பலகை அடைச்சு, ஒழுகாம டேப்பு ஒட்டுனான். ரெண்டு டப்பா வெச்சிருப்பான். ஒண்ணு ரெசின், இன்னொண்ணு அதை எறுக வெக்கற மருந்து. அளந்து கலக்கி, நீலப்பொடி போட்டு, மினுமினுக்கற பொடி கொஞ்சம் தூவி ஊத்துவான். ஒரே மட்டா ஊத்தக் கூடாதாம், சூடேறிப் பொகைஞ்சு வெடிச்சுருமாம். கொஞ்சம் ஊத்தி, எறுகுன பொறகு மறுபடி கொஞ்சம். குமிழி வந்தா தீயக் காட்டுவான், புஸ்ஸுபுஸ்ஸுன்னு அடங்கிரும். பவானி ஆத்து நெறம் வரோணும்டான்னேன். "பவானி மாதிரின்னா டீத் தண்ணியாட்டத்தானுங்க வரும், கம்முனு இருங்க"ன்னுட்டான். கடைசியா ஊத்துன அன்னைக்கு பாழாப்போன மழை பேஞ்சு ஈசல் கெளம்பிருச்சு. ஒண்ணு அந்த நீலத்துல உழுந்து எறக்கையோட எறுகிப்போச்சு. எடுத்தா பள்ளம் உழுகுமாம். யாராச்சும் கேட்டா டிசைன்னு சொல்லிக்கங்கன்னான்.

ஆனா அழகுங்க. அழகுன்னா அழகு. ஆசாரத்துல போட்டு, போறப்ப வாறப்ப தடவித் தடவிப் பாப்பேன். வர்றவங்ககிட்டயெல்லாம் இது அண்ணன் பாதி, இது என்ற பாதின்னு சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே நெசமாட்ட ஆயிருச்சு. ஒரு நாளு பக்கத்தூட்டுக்காரரு கேட்டுட்டுக் கண்ணு கலங்கிட்டாரு. எனக்கும் கலங்குச்சு. "உங்களுக்கு வெக்கமாவே இல்லியா?"ன்னா வசந்தாமணி. அப்ப இல்லைங்க. கடுகளவும் இல்ல. அதை நெனச்சாத்தான் இப்ப மானம் போவுது.

உப்புச்சக்கரை அன்னைக்குக் காலையிலதான் எனக்கு ஒறைச்சுது. அண்ணன் வருவாரே! வந்தாருன்னா மேசையப் பாப்பாரே! இது எப்புடிங்க எனக்கு முன்னாலயே தோணாமப் போச்சு? எம்மச்சினனைக் கூப்புட்டு, அண்ணனை வாசப் பந்தல்லயே ஒக்கார வெச்சுப் பேசிட்டு இருடான்னேன். ஆனா பெரியப்பன் இல்லாம தட்டை யாரு மாத்தறது? மாப்பிள்ளை ஊட்டுக் கெழவரே எந்திரிச்சுப் போயி அண்ணன் கையப் புடிச்சு உள்ள கூட்டியாந்துட்டாரு.

அண்ணனுக்கு முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுங்க. கம்பு ஊனித்தான் நடக்கறாரு, கீழ ஒக்கார முடியாது. நாற்காலி போட்டாங்க. நேரா அந்தப் பக்கம் போயி ஒக்காந்தாரு. அவரு பக்கம். டீ டிக்காசன் பூசுன பக்கம்.

கெழவரு மேசையப் பட்டுன்னு தட்டுனாரு. "பெரியவரே, தம்பி கேட்டதும் மறுபேச்சு இல்லாம உங்க பாதியத் தூக்கிக் குடுத்தீங்களாமே! இதைப் பாத்துத்தானுங்க நான் இந்த ஊட்டுல பொண்ணு எடுக்கறேன்"னு அத்தனை சனத்துக்கும் கேக்கற மாதிரி சொல்றாரு. ஆசாரம் பூரா அண்ணனையே பாக்குது. நான் வெத்தலைய அடுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். வெத்தலை ஏற்கனவே அடுக்கித்தான் இருந்துச்சு.

அண்ணன் கைய எடுத்து அந்தப் பலகை மேல வெச்சாரு. ஒரு தடவு தடவுனாரு. அப்பறம் நீலத்தைத் தாண்டி என்ற பக்கத்தையும் தடவிப் பாத்தாரு. தெரியாம இருக்குமுங்களா? காலையில டீ குடிச்சுட்டுக் கெளம்புனதே அவரு ஊட்டுல அவரு பாதிமேலதானே? எங்கண்ணி "ஏனுங்க, நம்ம மேசை..."ன்னு வாயத் தொறந்தாங்க. அண்ணன் அவங்களைத் திரும்பிப் பாத்தாரு. அவங்க நிறுத்திட்டாங்க.

எங்கண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். அந்த மனுசன் பொய் சொல்லி நான் கேட்டதில்லைங்க. அந்தியூர் சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போனாருன்னா, இது ஒதைக்கும், அது பால் கறக்கறப்ப நிக்காதுன்னு வாங்க வர்றவங்கிட்ட அவரேதான் சொல்லுவாரு. பொழைக்கத் தெரியாத ஆளுன்னு நானே எத்தனையோ தடவை சிரிச்சிருக்கறேன். அந்த ஆளு, அத்தனை பேரு முன்னால, என்னைப் பாக்காம, எம்பொண்ணைப் பாத்துட்டுச் சொன்னாரு: "ஆமாங்க. என்ற தம்பி கேட்டான். குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். தட்டை மாத்துனாரு. உப்பு மாத்துனாரு, சக்கரை மாத்துனாரு, கோகிலா நெத்தியில துண்ணூறு வெச்சாரு. மேசையில மாப்பிள்ளை ஊட்டுக் கொழந்தைக ஈசலைப் பாத்துக் கும்மாளம் போடுதுக.  அண்ணன் கெளம்பறப்ப வழியனுப்பக்கூட நான் போகலைங்க. சமையல்காரங்ககிட்டப் போயி பாயாசம் பத்துமா, பாயாசம் பத்துமான்னு கேட்டுட்டே நின்னேன். எல்லாரும் சாப்புட்டு முடிச்சிருந்தாங்க.

சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியலை. அந்த வாரத்துலயே ஒரு டிராக்டரு வந்து வாசல்ல நிக்குது. பின்னால இது. இதேதான், இப்ப நம்ம வண்டியில இருக்கறது. அண்ணன் தோட்டத்துல வேலை பாக்கற ஆளு எறங்கி வந்து சொல்றாரு: "பெரியவரு குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. நாலு பேரு முன்னால குடுத்துட்டேன்னு சொல்லிட்டாராமுங்க. குடுக்காம இருந்தா அது பொய்யாப் போயிருமாமுங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"ன்னேன்.

"இல்லீங்க. பாப்பா நல்லா இருக்கோணும்னாரு."

கேட்டீங்களா தம்பி? அந்த ஆளு திட்டியிருக்கலாம். ஏன்டா நாயேன்னு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எதுவும் இல்ல. என்ற பொய்ய நெசமாக்கறதுக்கு அவரு மேசையத் தூக்கி அனுப்பிட்டாரு. நான் அந்த வாசல்லயே பொத்துன்னு ஒக்காந்துட்டேன். செருப்பால அடிச்சாப்புல இருந்துச்சு.

அப்பறம் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. தார்ப்பாய் போட்டு மூடி, கட்டுத்தரையில மாட்டுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்! வேற என்ன பண்ண? மாப்பிள்ளை ஊட்டுல இருந்து யாராச்சும் வந்து பாத்தா? ஒலகத்துல எந்த ஊட்டுலயாவது ஒரு மேசைக்கு மூணு பாதி இருக்குமுங்களா?

அருள்குமாருக்குப் போன் போட்டேன். அந்தக் கதவுப் பலகைய எடுத்துப்போட்டு இதை வெச்சு ஊத்திக் குடுடான்னேன். நெசமான ரெண்டு பாதியும் சேந்துரட்டும்னு. அவன் சிரிக்கறான். "எறுகுன ரெசின் உடாதுங்க. பேத்தா மரத்தோட பிஞ்சு வரும், உங்க பாதியும் போயிரும். இன்னொண்ணுங்க, உங்க பாதியத்தான் கரை மாதிரி வளைச்சு வெட்டிட்டோமே. இனி ஒட்டாதுங்க"ன்னான். கட்டுத்தரைக்குப் போயி தார்ப்பாயை வெலக்கிப் பாத்தேன். அண்ணன் பாதியில அறுத்த பக்கம் ரம்பத்தோட பல்லு பட்ட தடம்கூட அப்புடியே இருக்குது. ஒரு எளைப்பு எளைக்கலைங்க அந்த மனுசன். அப்புடியே வெச்சிருக்கறாரு. நான் அங்கியே நின்னு அழுதேன். மாடு வேடிக்கை பாத்துச்சு.

கோகிலாதான் கண்டுபுடிச்சுது. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயி தார்ப்பாயைத் தூக்கிப் பாத்துருச்சு. அவங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. எம்பொண்ணு கத்தும், அழுகும்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல. "இப்பப் பெரியப்பா எதுல வெச்சு சாப்புடறாரு?"ன்னுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. எனக்கு அது தோணவேயில்லைங்க. சத்தியமாத் தோணலை. மானம் போச்சே, மரியாதை போச்சேன்னு என்ற மூஞ்சியத்தான் நெனச்சுட்டு இருந்தேனே தவிர, அவரு சோத்துத் தட்டு நெனப்புக்கு வரலை.

கொண்டு போயிக் குடுத்துட்டு வான்னு வசந்தாமணிகிட்டச் சொன்னேன். "இந்தத் தடவை நான் போக மாட்டேன். எந்தம்பியையும் அனுப்ப வேண்டாம், வேற ஆளையும் அனுப்ப வேண்டாம். நீங்களே போங்க. போயி வாயத் தொறந்து பேசுங்க. கண்ணால மேடையில அவரு வந்து நிக்கறப்ப எம்பொண்ணு அவரு மொகத்தைப் பாக்கோணுமில்ல?"ன்னா. மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டுத்தான் வண்டி ஏத்துனா. அதனாலதான் பாருங்க, நானே வந்திருக்கறேன்.

பாலம் தாண்டிட்டமுங்களா? அட, அந்தியூரே வந்துருச்சு. பேச்சுல தெரியலை. லெப்ட்ல திரும்புங்க. அந்த மஞ்சக்காடு தாண்டுனா அவரு தோட்டந்தான்.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அங்க ஒரு புளியமரம் வரும் பாருங்க. அதுகிட்ட என்னை எறக்கி உட்டுருங்க. நீங்க உள்ள போயி எறக்கி வெச்சுட்டு வந்துருங்க, தோட்டத்துல ஆளு இருப்பாங்க, ஒரு கை புடிப்பாங்க. யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா, "ஈரோட்டுல மேசை செய்யற கடையில இருந்து வருதுங்க. இந்தப் பாதி வேலைக்கு ஒத்து வரலையாம், திருப்பி அனுப்பிட்டாங்க"ன்னு சொல்லிருங்க. அப்புடிச் சொன்னா அவரு குடுத்ததும் நெசமாயிரும், திரும்பி வந்ததும் நெசமாயிரும். யாரு மனசும் நோகாது. நேத்துப் பூரா யோசிச்சு வெச்சதுங்க.

என்னுங்க அப்புடிப் பாக்கறீங்க? சத்தியமா? சத்தியம் நான் வர்றேன்னுதானே பண்ணுனேன். வந்துட்டேனில்ல? புளியமரம் வரைக்கும் வந்தா வந்த மாதிரிதானே? எனக்கு மட்டும் உள்ள வரோணும்னு ஆசை இல்லீங்களா? போயி என்னன்னு சொல்றது? எதுல இருந்து ஆரம்பிக்கறது? உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்கறாங்களா? இல்லியா? அப்ப உங்களுக்குத் தெரியாதுங்க.

தம்பி, அதா மரம். நிறுத்துங்க. மரமுங்க தம்பி... தாண்டிட்டீங்களே! தம்பி, சொல்றது கேக்குதுங்களா? நிறுத்துங்கன்னா! ஹாரனை ஏனுங்க அடிக்கறீங்க, அடிக்காதீங்க சாமி, கையெடுத்துக் கும்படறேன்...

அய்யோ. ஊட்டுக் கதவு தொறந்துதான் கெடக்குது.

தெரியுதுங்களா? ஆசாரத்துல, தரையில. முட்டி மடங்காதுங்க அவருக்கு. ரெண்டு காலையும் நேரா நீட்டிட்டு, தட்டை மடியில வெச்சுட்டு... அண்ணி முதுகுக்கு மூட்டைய அண்டக் குடுத்திருக்கறாங்க. அப்புடியா இத்தனை நாளும்?

பாத்துட்டாரு. என்னைப் பாத்துட்டாரு. சோத்துக் கையோட எந்திரிக்கப் பாக்கறாரு, முடியலை, கம்பு எட்டலை. எந்திரிக்காதீங்கண்ணா! அண்ணா, இருங்க, நான் வர்றேன்! தம்பி, இந்த வண்டிக் கதவு எப்புடிங்க தொறக்கறது?